தையலுக்கு விட்ட ஓர் இன்ச்

எங்கள் மாமா எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். தர்பூசணியைத் தட்டுவார், அதை எல்லோரும்தான் தட்டுகிறார்கள். மாமா ரொட்டியைத் தட்டுவார், செருப்பைத் தட்டுவார், தலையணையைத் தட்டுவார். ஒருமுறை பல்வலி என்று போன இடத்தில், டாக்டர் உட்காரச் சொன்ன நாற்காலியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உள்ளே ஒடிஞ்சிருக்கு" என்று சொல்லி, நின்றபடியே பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று என் இரும்புப் பெட்டியைத் தட்டி, "நல்ல தகடு" என்றார். அது என்னைப் பற்றிச் சொன்னதுதான் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

மாமா என்றால் என் கணவரின் அண்ணன். கீழே தையல்கடை, மேலே வீடு. நர்சுகள், வாட்ச்மேன்கள், பஸ் டிரைவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஊரில் யார் ஒரே மாதிரி உடுத்த வேண்டுமென்றாலும் எங்களிடம்தான் வருவார்கள். மாமா அளவெடுத்து வெட்டுவார். என் கணவர் தைப்பார். மாமாவின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் பட்டன் தைப்பார், கூடவே பேச்சும். நான் பட்டன் துளை போடும் காஜா மெஷின். அது சுவரோரம் கிடப்பதால் அங்கிருந்து நான் எல்லோரையும் பார்க்கலாம், என்னை யாரும் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அது வசதி.

மாமாவின் வலது நடுவிரலில் ஓர் இரும்புத் தொப்பி இருக்கும், ஊசியைத் தள்ளுவதற்கு. குளிக்கவும் சாப்பிடவும் மட்டும் கழற்றுவார். மற்ற நேரமெல்லாம் அது விரலோடுதான். அதை மாட்டியிருப்பதே அவருக்கு ஞாபகம் இருக்காது. தூக்கத்தில் காதைக் குடைந்துவிட்டு, யாரோ அடித்துவிட்டார்கள் என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

இப்படிப்பட்டவர் பேண்ட் வாத்தியக் குழுவில் சேர்ந்ததே ஒரு தட்டலில்தான். ஊரில் ஒரு பேண்ட் உண்டு. பஸ் டிப்போவுக்குப் பின்னாலுள்ள பார்சல் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. தலைவர் முன்பு போக்குவரத்துக் காவலராக இருந்தவர்; இன்றைக்கும் பாட்டை நிறுத்த வேண்டுமென்றால் லாரியை நிறுத்துவதுபோல் உள்ளங்கையைக் காட்டுவார். பேண்டுக்குச் சீருடை தைக்க அளவெடுக்கப் போன மாமா, ஓரமாகச் சும்மா கிடந்த சைடு டிரம்மைத் தட்டிப் பார்த்தார். பிறகு குச்சியால் தட்டிப் பார்த்தார். டேப்போடு போனவர் டிரம்மோடு திரும்பி வந்தார். அளவெடுக்க மறந்துவிட்டதால் மறுபடியும் போக வேண்டியதாயிற்று.

நாளெல்லாம் குனிந்தே இருக்கிற மனிதர் டிரம்மைத் தோளில் மாட்டினால் நிமிர்ந்துவிடுவார். அந்த ஒரு பொழுதில்தான் அவருடைய முழு உயரமும் எங்களுக்குத் தெரியும். வாசித்தாரா என்றால், நன்றாகவே வாசித்தார். தையல் மெஷின் ஓடுவதுபோல் சீராக இருக்கும்.

தொல்லை தோலில் வந்தது. டிரம்மின் மேல் இழுத்துக் கட்டியிருப்பதற்குப் பெயர்தான் தோல். உண்மையில் அது பிளாஸ்டிக். மாமாவிடம் அது நிற்கவில்லை. முதல் தோல் ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் கிழிந்தது. இரண்டாவது, கொட்டகையிலேயே கிழிந்தது. அதை மாமா வீட்டுக்குக் கொண்டுவந்து, இழை தெரியாமல் நூல் ஓட்டித் தைத்தார். அவ்வளவு அழகான தையலை நான் பார்த்ததில்லை. தைத்த தோல் ஒரு பாட்டு முழுக்கத் தாங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. தலையணையை அடிப்பதுபோல் இருந்தது. மூன்றாவது தோல் நீச்சல் குளம் திறந்தபோது, நடுப்பாட்டில் கிழிந்து, குச்சி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. மாமா அதை இழுக்க, டிரம்மும் கூடவே வர, அவர் சுற்றிச் சுற்றி வந்தார். நடனமும் உண்டு போலிருக்கிறது என்று எதிரே இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் வந்தார். நான் டிரம் உறையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"இதோ பாருங்க மாஸ்டர். அடுத்தது மேம்பாலத் திறப்பு. அங்கேயும் கிழிஞ்சா, டிரம் சம்பந்தி கைக்குப் போயிடும். உங்களுக்கு முக்கோணம்."

முக்கோணம் என்பது ஒரு வளைத்த கம்பி. பாட்டு முடியும்போது அதை ஒரே ஒருமுறை 'டிங்' என்று அடிக்க வேண்டும். அதுவரைக்கும் நிற்க வேண்டும்.

சம்பந்தி என்று தலைவரே சொல்கிறாரே என்றால், பேண்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமாவின் மகளைக் கட்டியிருப்பது அவர் மகன். சம்பந்தி குழாய் வேலை செய்கிறவர். மாமாதான் அவரைப் பேண்டில் சேர்த்துவிட்டார்; அங்கே அவர் சிம்பல் என்கிற பெரிய தாளத்தை அடித்தார். பெண்ணைக் கொடுத்த இடம் என்பதால் சம்பந்தி என்ன சொன்னாலும் மாமா சிரிக்க வேண்டும். அது தெரிந்துதான் சம்பந்தி எல்லாவற்றையும் சொல்வார்.

"டிரம் எங்கே போனா என்ன சம்பந்தி," என்றார் அன்றைக்கும். "நம்ம குடும்பத்துக்குள்ளதானே சுத்துது."

மாமா சிரித்தார். பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் டிரம்மை வெட்டுமேஜையில் வைத்தார்.

"தலைவர் வாங்கித் தந்ததெல்லாம் மட்டமான சரக்கு. நானே பார்த்து வாங்கறேன். தலைமுறைக்கும் நிக்கணும்."

"தலைமுறைக்கு எதுக்கு? மேம்பாலம் வரைக்கும் நின்னாப் போதும்," என்றார் அக்கா, வாயில் நூலோடு.

மாமா டேப்பை எடுத்து டிரம்மின் குறுக்கே வைத்தார். "பதினாலு" என்றார். பிறகு, "தையலுக்கு ஒண்ணு. பதினஞ்சு" என்று சொல்லி, வழக்கம்போல் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதினார்.

நான் மெஷினை நிறுத்தினேன். என் கணவரும் நிமிர்ந்து பார்த்தார். டிரம்மில் தையல் எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் ஒரு நொடி தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அந்த மேஜையில் தையலுக்கு விடாமல் யாரும் எதையும் வெட்டியது கிடையாது. விடாவிட்டால்தான் சண்டை வரும். மடித்துத் தைத்தால் பதினாலு வந்துவிடும் என்று மனசு அதுவாகவே சமாதானமாகிவிட்டது. என் கணவர் மறுபடியும் குனிந்துகொண்டார்.

மறுநாள் மாமா கடைக்குக் கிளம்பினார். அக்கா என்னையும் கூட அனுப்பினார்.

"நீயும் போ. கண்ணாடிச் சாமான் பக்கம் போனா கையைப் பிடிச்சு இழுத்துக்கோ."

வாத்தியக் கடையில் ஓர் இளம்பெண் இருந்தாள். கழுத்தில் பெரிய காதுப் பொத்தி தொங்கியது. கடைக்கு வருகிறவர்களெல்லாம் எதையாவது ஊதியும் அடித்தும் பார்ப்பதால் அது தேவைதான்.

"என்ன வேணும் ஐயா?"

"சைடு டிரம்முக்கு மேல்தோல். கிழியவே கூடாது."

"கிழியவே கூடாதுன்னா அடிக்கவே கூடாது."

சிரிக்காமல்தான் சொன்னாள். மாமாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஸ்டூலைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "இது ஒத்தைத் தோல். சத்தம் துல்லியமா இருக்கும். சீக்கிரம் போயிடும்."

"லைனிங் இல்லாத கோட்டு," என்றார் மாமா.

"இது ரெட்டைத் தோல். ரெண்டு அடுக்கு. சத்தம் கொஞ்சம் கனமா வரும், ரொம்ப நாள் உழைக்கும்."

"லைனிங் வெச்சது."

"இதுல நடுவுல மட்டும் வட்டமா ஒரு ஒட்டு இருக்கும். குச்சி விழற இடம் தேயாது."

"முட்டியில ஒட்டு வெச்சுத் தைச்ச வாட்ச்மேன் பேண்ட்டு." மாமா ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து, 'டொக்' என்று தட்டினார்.

"மெதுவா ஐயா."

கடைசியாக அவள் மஞ்சளாக ஒன்றை எடுத்தாள். "இது நூல்ல நெய்தது. குண்டு துளைக்காத சட்டைக்குப் போடற நூல்."

மாமா எழுந்து நின்றுவிட்டார். சட்டைப்பையிலிருந்து துணி பார்க்கும் கண்ணாடியை எடுத்து அதன்மேல் கவிழ்ந்தார். கடையில் ஒருவர் எக்காளம் ஊதிப் பார்த்து, வாங்காமல் போகும்வரை நிமிரவில்லை.

"பாவும் ஊடும் சுத்தமா இருக்கு. சாயம் போகுமா?"

"துவைக்கப் போறீங்களா ஐயா?"

"கேட்டு வெச்சுக்கறேன்."

"இது உங்களுக்கு வேணாம். முறுக்கி இழுத்துக் கட்டினாத்தான் இதுல சத்தமே வரும். பழைய டிரம்னா அந்த இழுப்புக்கு உடம்பே நசுங்கிடும்."

மாமா என் பக்கம் திரும்பினார். "நைஞ்ச சட்டைக்குக் கித்தான் காலர் வெச்ச கதை." நான் தலையாட்டினேன். அப்படி ஒன்று எங்கள் கடையில் நடந்திருக்கிறது. காலர் இன்றைக்கும் இருக்கிறது.

கடைசியில் நடுவில் ஒட்டு வைத்த இரட்டைத் தோல் என்று முடிவாயிற்று.

"என்ன அளவு ஐயா?"

"பதினஞ்சு."

"சைடு டிரம் பெரும்பாலும் பதினாலுதான் வரும். நல்லா அளந்தீங்களா?"

மாமா தோளில் கிடந்த டேப்பைத் தொட்டுக்கொண்டார். "ஏம்மா, அளவு என்கிட்டயா? நான் டேப்பைத் தூக்கினப்ப நீ பிறந்திருக்கவே மாட்ட."

அவள் உள்ளே போய், எதையெதையோ நகர்த்தி, தூசி படிந்த ஒன்றோடு வந்தாள். "இந்த அளவை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

"விவரம் தெரிஞ்சவங்க வரலை போல."

வீட்டில் அதை டிரம்மின்மேல் வைத்தபோது, குழந்தை தலையில் அப்பாவின் தொப்பியை வைத்ததுபோல் இறங்கி நின்றது. தோலைச் சுற்றி இரும்பு வளையம். அதை மடிக்க முடியாது, உள்ளே பிடித்துத் தைக்க முடியாது. மாமா ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் தொங்கியது. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி எங்கள் குழாய் ஒழுகுவதைப் பார்க்க உள்ளே வந்தார்.

"என்ன சம்பந்தி, டிரம் இன்னும் வளருமா?"

மாமா தொங்கிய பக்கத்தை அவசரமாகத் தூக்கிப் பிடித்தார்.

"இல்ல, வளர்ற பிள்ளைக்குத் தைச்ச சட்டை மாதிரி இருக்கேன்னு கேட்டேன்."

மாமா சிரித்தார். சம்பந்தி குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனபின், சுவரில் இருந்த பதினைந்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தையல்," என்றார் கடைசியில். "இல்லவே இல்லையே அதுக்கு." என் கணவர் இருமிக்கொண்டு வெளியே போனார். வெளியே போய் என்ன செய்தார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

பிரித்ததைக் கடையில் திரும்ப வாங்க மாட்டார்கள். ஆனாலும் மாமா போனார், நானும் போனேன். இந்தமுறை கிழிந்த மூன்று தோல்களையும் கொண்டுபோனோம். எப்படிக் கிழிந்தது என்று பார்த்தால் எது தாங்கும் என்று அவள் சொல்லக்கூடும் என்பது மாமாவின் எண்ணம்.

"உங்க பதினஞ்சு கொஞ்சம் பெரிசா வெட்டியிருக்கு," என்று தொடங்கினார்.

அவள் பெரிய மனசோடு அதை விட்டுவிட்டாள். மூன்று தோல்களையும் மேஜையில் பரப்பினாள். முதலில் மாமா தைத்த தோலைக் கையில் எடுத்தாள்.

"இதை யார் தைச்சாங்க?"

"நான்தான்."

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா தைக்கக் கூடாது." பிறகு புருவத்தைச் சுருக்கினாள். "இது ஒண்ணும் குச்சி பட்டுக் கிழிஞ்சதில்ல ஐயா. குச்சி நடுவுல விழும், இது ஓரம். மூணும் ஒரே இடம். இங்க பாருங்க, குழி குழியா இருக்கு. ஏதோ இரும்பால குத்தியிருக்காங்க. அந்தக் குழியிலிருந்துதான் கிழிசல் ஓடியிருக்கு. இதுக்கு நடுவுல ஒட்டு வெச்சதும் பிரயோஜனமில்ல. முழுக்க ரெட்டையா இருக்கறதை எடுத்துட்டுப் போங்க. ஆனா யாரோ குத்தறதை முதல்ல நிறுத்துங்க. அதை நிறுத்தாம எது வாங்கினாலும் இந்த மூணோட நாலாவதுதான்."

பதினாலு அளவில் முழு இரட்டைத் தோல் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மாமா முன்னால் நடந்தார். வழியில் எதையும் தட்டவில்லை. தெரு முனையில் நின்றார்.

"இரும்பு. ஊர்ல யார்கிட்டம்மா இரும்பு இருக்கு? எந்நேரமும் கையில ஸ்பேனரோட யார் திரியறாங்க?"

நான் தோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் கேட்டது என்னிடம் இல்லை.

அக்காவிடம் சொன்னபோது அவர் பட்டன் டப்பாவை மூடிவிட்டார். "வாயைக் கட்டுங்க. அவங்க வீட்டுல நம்ம பொண்ணு வாழுது. டிரம்முக்காகச் சம்பந்தியைத் திருடனாக்கினா நாளைக்கு அவ முகத்தை எங்கே வெச்சுக்குவா?"

"நான் சும்மா சொல்லலை. கையும் களவுமா பிடிக்கிறேன்." மாமா என்னைக் காட்டினார். "இவ கண்ணு கொட்டாம பார்ப்பா. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டா. அடுத்த பயிற்சிக்கு டிரம் பக்கத்துல இவ உட்காரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை நான் காஜா போட வேண்டிய நர்ஸ் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, நூல் பிரிப்பதுபோல் கொட்டகையில் உட்கார்ந்தேன். மாமா வேண்டுமென்றே டிரம்மை என்னருகில் வைத்துவிட்டு, தலைவரிடம் ஏதோ பேசப் போனார். போகும்போது கண்ணைச் சிமிட்டினார். அவருக்கு ஒரு கண்ணை மட்டும் சிமிட்ட வராது, இரண்டும் மூடிக்கொள்ளும்.

சம்பந்தி வந்தார். கையில் ஸ்பேனர் இருந்தது. சுற்றும் பார்த்தார். எனக்குக் கோட்டில் ஊசி எங்கே போனதென்று தெரியவில்லை. சம்பந்தி ஸ்பேனரைக் கீழே வைத்தார், கைக்குட்டையை எடுத்தார், டிரம்மில் படிந்திருந்த தூசியை மெதுவாகத் துடைத்தார்.

"உன்கிட்ட சொல்றேன்மா, வெளியே சொல்லாதே," என்றார். "எனக்கு இந்த டிரம் வேணவே வேணாம். ஆரம்பிச்சா முடியற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கணும். சிம்பல்னா நடுவுல உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கலாம். சம்பந்தி தோல் நிக்கணும்னு நான்தான் நாள் பூரா கும்பிட்டுக்கிட்டிருக்கேன்."

அவர் போனார். மாமா வந்தார். டிரம்மைத் தோளில் மாட்டினார். வாசிக்கத் தொடங்குமுன், புதுத் தோல் உறுதியாக இருக்கிறதா என்று, ஓரமாக, வலது நடுவிரலால் ஓங்கித் தட்டினார். டொக். திருப்தியில்லாமல் இன்னொருமுறை. டொக்.

பாட்டு முடிந்து அவர் டிரம்மை இறக்கிவைத்ததும் நான் குனிந்து பார்த்தேன். வெள்ளைத் தோலின் ஓரத்தில், பட்டன் அளவுக்கு, புதிதாக ஒரு குழி.

தோல் தாங்குமா என்று தட்டிப் பார்த்துத்தான் இத்தனை தோலும் போயிருக்கிறது.

"யார் வந்தாங்க?" என்றார் மாமா, வீட்டுக்குப் போகும் வழியில்.

"சம்பந்தி."

"என்ன பண்ணார்?"

"துடைச்சார்."

"தடயத்தைத் துடைச்சிருக்கார்."

"இல்ல மாமா. உங்க விரல்..."

"என் விரலுக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்கு மனசுதான் சரியில்ல." அதற்குள் வழியில் ஒருவர் தம் பேண்ட்டு எப்போது கிடைக்கும் என்று அவரைப் பிடித்துக்கொண்டார். என் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. நின்ற பேச்சை மறுபடி எடுக்க எனக்கு வராது.

என் கணவரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து மெஷினில் தலையை வைத்துவிட்டார். "நான் சொல்றதா? ஒரு தடவை காலர் கோணலா இருக்குன்னு சொன்னதுக்கு அண்ணன் மழைக்காலம் முடியற வரைக்கும் என்கிட்டப் பேசலை. நீயே சொல்லு, நீ சொன்னா ஆச்சரியத்துல கேட்டுக்குவாரு." அக்காவிடம் சொல்லலாம். ஆனால் அக்காவிடம் சொன்னால் மாமாவுக்குத் தெரியுமுன் தெருவுக்குத் தெரியும். மேம்பாலமும் வந்துவிட்டது.

அன்று நல்ல வெயில். பாலத்தின் அடியில் பேண்ட் வரிசையாக நின்றது. எல்லோரும் மாமா தைத்த சிவப்புக் கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய ஊதுகுழலை வாசிக்கும் பேக்கரிக்காரர் அதை வாய் மேலே பார்க்க நாற்காலியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் டிரம்முக்குக் காவலாகப் பக்கத்திலேயே நின்றேன். மாமாவின் கண் சம்பந்திமேலேயே இருந்தது. பாவம், சம்பந்தி முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கையை உயர்த்தத் தயாரானார். மாமா டிரம்மை மாட்டிக்கொண்டார். பெரிய நாள் என்பதால் வழக்கத்தைவிடப் பலமாகத் தட்டிப் பார்க்க விரலைத் தூக்கினார். விரல் இறங்குவது தெரிந்தது.  கையைத் தோலின்மேல் வைத்துவிட்டேன்.

டொக்.

அது என் விரல் எலும்பில் விழுந்தது.

"வலிக்குது மாமா," என்றேன்.

அவ்வளவு சத்தமாக நான் பேசியதை யாரும் கேட்டதில்லை. எக்காளக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா என் விரலைப் பார்த்தார், சிவந்திருந்தது. தம் விரலைப் பார்த்தார். பிறகு நான் கையை எடுத்த இடத்தில் இருந்த குழியைப் பார்த்தார். இரும்புத் தொப்பியை மெதுவாக அதில் வைத்தார். காஜாவில் பட்டன் உட்காருவதுபோல் உட்கார்ந்தது.

"நானா?" என்றார்.

"ஆமா மாமா."

"மூணுமா?"

நான் தலையாட்டினேன்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன். நீங்க மனசு சரியில்லன்னீங்க."

மாமா இரும்புத் தொப்பியைக் கழற்றப் பார்த்தார். வெயிலில் விரல் வீங்கி அது வரவில்லை. கையில் அது இருக்கும்வரை தம்மையே நம்ப முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் அப்படிப் போயிற்று. "சம்பந்தி," என்று கூப்பிட்டார். அப்படி ஒரு குரலில் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இதைக் கொஞ்சம் கழட்டி விடுங்களேன்."

சம்பந்தி காரணம் கேட்கவில்லை. மாட்டிக்கொண்ட இரும்பைப் பார்த்தால் அவருக்கு வேறெதுவும் தோன்றாது. முட்டிக்குத் தேய்த்த எண்ணெயையே விரலிலும் தடவினார்.

"இடப்பக்கம் திருப்பணும் சம்பந்தி. உடம்பைத் தளர்த்திக்குங்க. குழாய் மாதிரி நினைச்சுக்குங்க."

"நினைச்சுக்கிட்டேன்."

"இப்ப மூச்சை விடுங்க."

மாமா மூச்சை விட்டார். சம்பந்தி இழுத்தார். தொப்பி பறந்து, வெயிலில் ஒருமுறை மின்னி, பேக்கரிக்காரரின் ஊதுகுழலுக்குள் 'டிங்' என்று விழுந்தது. எடுக்க நேரமில்லை. ரிப்பன் வெட்ட வந்த விருந்தினர் கத்தரிக்கோலை வாங்கிவிட்டார். தலைவரின் கை இறங்கியது.

மாமா அன்று வாசித்ததுபோல் முன்னும் பின்னும் வாசித்ததில்லை. சீராக, நீளமாக, ஒரு நூல் அறாமல். தோல் நின்றது. பேக்கரிக்காரர் ஊதும்போதெல்லாம் உள்ளிருந்து கலகலவென்று ஒரு சத்தம் வந்தது. அவர் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு இன்னும் பலமாக ஊதினார்; இன்னும் பலமாகக் கலகலத்தது. தலைவர் இரண்டுமுறை உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். பேக்கரிக்காரர் காவலரின் கைக்கு அஞ்சுகிறவர் இல்லை, அவரிடம் வண்டியே கிடையாது. ரிப்பன் வெட்டியவர், புதுவிதமான வாத்தியமெல்லாம் சேர்த்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தபின் ஊதுகுழலைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார்கள். தொப்பி விழுந்தது. சம்பந்தி அதை எடுத்துத் துடைத்து நீட்டினார். மாமா வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எதற்காகக் கழற்றச் சொன்னார் என்று சம்பந்திக்கு இன்றுவரை தெரியாது. வலித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் மாமா கேட்காமலே அவருக்கு ஒரு பேண்ட்டு தைத்துக் கொடுத்தார். முட்டியில் இரட்டைத் துணி வைத்திருந்தது.

"என்ன சம்பந்தி, திடீர்னு?"

"சும்மாதான்."

"இடுப்பு கொஞ்சம் பெரிசா இருக்கே."

"தையலுக்கு விட்டேன்," என்றார் மாமா.

வீட்டில் அக்கா என் விரலில் எண்ணெய் தடவிவிட்டார். "வாயில்லாதவன்னு நினைச்சேன். பாலமே அதிர்ற மாதிரி கத்தினியாமே." கத்தவில்லை என்று சொன்னேன். ஆனால் கதை அதற்குள் தெரு முனையைத் தாண்டிவிட்டிருந்தது. மாமா இரண்டு நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது நாள் என் காஜா மெஷினைத் தட்டிப் பார்த்து, "பெல்ட்டு தளர்ந்திருக்கு" என்று தாமே மாற்றிப் போட்டார்.

மாமா இன்னும் எல்லாவற்றையும் தட்டுகிறார். பேண்டுக்குக் கிளம்பும்போது மட்டும் இரும்புத் தொப்பியைக் கழற்றி என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறார். சிம்பல் சம்பந்தியிடம் இருக்கிறது. முக்கோணத்தை அடிக்க ஆள் இல்லை, தலைவரே அடித்துக்கொள்கிறார். பதினைந்து இன்ச் தோலைக் கடை வாசலில் ஒரு ஸ்டூலுக்கு மேல்தட்டாக மாட்டியிருக்கிறோம். அளவு கொடுக்க வருகிறவர்கள் டீ கிளாசை வைத்தால் 'டும்' என்று கேட்கும். மேம்பாலத்துக்கு வாங்கிய இரட்டைத் தோல், ஒரு குழியோடு, இன்னும் கிழியவில்லை. டிரம் மாமாவிடம்தான் இருக்கிறது.